வலிக்கிறது என்று சொல்வதும் சுயமரியாதைதான்

(அம்பேத்கர் பிறந்தநாளையொட்டி மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை அழைத்த தம்பி, "அக்கா, எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள், கொஞ்சம் எழுச்சியாக மட்டும் இருக்கட்டும்" என்றார். அவரிடம் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இன்று எழுச்சியைப் பற்றிப் பேசப்போவதில்லை. கூட்டம் முடிந்து, முழக்கம் ஓய்ந்து, பேனரைச் சுருட்டி வைத்துவிட்டு, அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்திய பிறகு நமக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றிப் பேசப்போகிறேன்.

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். கல்லூரியில் முதலாண்டு. எந்தக் கல்லூரி என்பது முக்கியமில்லை, உங்களில் பலருக்கு அது உங்கள் கல்லூரியாகவே தெரியும். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. அதை வாங்கிப் பார்த்த ஆசிரியர், "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் வாங்குறவங்கல்லாம் எழுந்திரிங்க" என்றார். அறுபது பேர் இருந்த வகுப்பில் ஒன்பது பேர் எழுந்தோம். பெயர் வாசித்தார், டிக் அடித்தார், உட்காரச் சொன்னார். மொத்தம் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அவர் திட்டவில்லை. ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. ஆனால் அதுவரை என் டிபன் பாக்ஸில் கைவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண், மறுநாள் வேறு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

அன்று இரவு விடுதியில் எனக்குத் தூக்கம் வரவில்லை. யார்மேல் கோபம் வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஆசிரியர்மேல் இல்லை. அந்தப் பெண்மேலும் இல்லை. என்மேல்தான். 'ஏன் தலையைக் குனிந்தாய்? நிமிர்ந்து நின்றிருக்க வேண்டாமா? வீட்டில் அம்பேத்கர் படத்துக்குக் கீழே படுத்து வளர்ந்தவள்தானே நீ?' என்று என்னையே விடிய விடியக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு இயக்கத்துக்கு வந்தேன். இந்தக் கதையைப் பத்து மேடைகளிலாவது சொல்லியிருப்பேன். ஒவ்வொரு முறையும் கோபமாகச் சொன்னேன், ஒவ்வொரு முறையும் கைத்தட்டல் வந்தது. ஆனால் அன்று எனக்கு வந்தது வெட்கம். உடம்பெல்லாம் கூசியது. அதை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை. பதினைந்து வருடம் கழித்து இன்றைக்கு உங்கள் முன்னால்தான் சொல்கிறேன்.

ஏன் இவ்வளவு காலம்? இயக்கத்தில் கோபத்துக்கு இடம் இருக்கிறது. வெட்கத்துக்கும் பயத்துக்கும் இடம் இல்லை என்று நானாகவே முடிவு செய்திருந்தேன். அழுகிறவர்கள் பலவீனமானவர்கள், பலவீனமானவர்கள் போராட முடியாது என்று நம்பினேன். உங்களிலும் சிலர் அப்படி நம்புகிறீர்கள் என்று உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

இரண்டாவது அம்பு

புத்தர் சொன்ன ஓர் உவமை சம்யுத்த நிகாயத்தில் இருக்கிறது. ஒருவன்மீது ஓர் அம்பு பாய்கிறது. வலிக்கிறது. அடுத்து இன்னொரு அம்பும் பாய்கிறது. இப்போது அவனுக்கு இரண்டு வலி. முதல் அம்பு உடம்பில் உண்டாகும் வலி. அந்த வலியைக் கண்டு மனம் புலம்பி, மார்பில் அடித்துக்கொண்டு, தன்னையே வதைத்துக்கொள்கிறதே, அதுதான் இரண்டாவது அம்பு.

இதை நம் வாழ்க்கையில் வைத்துப் பார்க்கிறேன். வகுப்பில் எழுந்து நிற்க வைத்தது முதல் அம்பு. அதை எய்தவர்கள் வெளியில் இருக்கிறார்கள். சாதி அமைப்பு எய்த அம்பு அது. 'ஏன் தலை குனிந்தாய்' என்று விடிய விடிய நான் என்னைக் கேட்டது இரண்டாவது அம்பு. அதை எய்தது என் கைதான். ஆனால் அந்த வில்லை என் கையில் கொடுத்தது யார்? அதுவும் சாதிதான். தாக்குதலை நடத்திவிட்டு, அதற்கான தண்டனையையும் பாதிக்கப்பட்டவரே தனக்குக் கொடுத்துக்கொள்ளும்படி செய்வதுதான் இந்த அமைப்பின் சாமர்த்தியம்.

வாடகைக்கு வீடு தேடிப்போகிறோம். "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கிறார்கள். ஏதோ மழுப்பிச் சொல்லிவிட்டுச் சாவியை வாங்கிக்கொள்கிறோம். இரவு படுக்கும்போது 'பொய் சொல்லிவிட்டாயே, உனக்கெல்லாம் எதற்கு நீலக்கொடி' என்று உள்ளே ஒரு குரல் கேட்கிறது. நான் ஏ.சி. அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன், அண்ணன் ஊரில் கூலிக்குப் போகிறான், அதில் ஒரு குற்றவுணர்வு. தோழர் ஒருவருக்கு வெளிநாட்டில் ஆய்வுக்கு இடம் கிடைக்கிறது, வாழ்த்துச் சொல்லும்போதே உள்ளே பொறாமை குத்துகிறது, உடனே 'ச்சீ, நீயெல்லாம் தோழரா' என்று ஓர் ஏச்சு. இவையெல்லாம் இரண்டாவது அம்புகள். முதல் அம்பை நிறுத்த நாம் ஊர்கூடிப் போராட வேண்டும். இரண்டாவதை இன்று இரவே கீழே வைக்க முடியும்.

பரோடா பூங்காவில் ஓர் இளைஞர்

அண்ணலை நாம் எப்படி நினைவில் வைத்திருக்கிறோம்? கோட்டு, கண்ணாடி, கையில் அரசமைப்புச் சட்டம், நீட்டிய விரல். சிலை அப்படித்தான் இருக்க வேண்டும். நான் இன்று உங்களுக்கு நினைவூட்ட விரும்புவது, சிலையாக யாரும் வடிக்காத ஓர் அம்பேத்கரை.

1917. அவருக்கு 26 வயது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்தவர். பரோடா சமஸ்தானத்தில் வேலை. தங்குவதற்கு ஊரில் இடம் இல்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயர் ஒன்றைப் பதிந்துகொண்டு தங்குகிறார். வாடகை வீட்டுக்காகச் சாதியை மறைத்ததற்கு வெட்கப்படும் தோழர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். பதினோராவது நாள் காலையில், கையில் தடிகளோடு பார்சிகள் கூட்டமாக வந்து நிற்கிறார்கள். மாலைக்குள் காலி செய்யச் சொல்லி மிரட்டுகிறார்கள். தெரிந்த நண்பர்கள் இருவரிடம் போய்க் கேட்கிறார். இருவருமே ஏதோ காரணம் சொல்லிக் கைவிரிக்கிறார்கள். ரயிலுக்கு நேரம் இருக்கிறது. ஒரு பொதுப் பூங்காவில் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

இதையெல்லாம் அவரே 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது என்ன நினைத்தார் என்பதையும் எழுதியிருக்கிறார். ஆதரவில்லாத குழந்தைகள் நினைப்பதைப்போலத் தன் அப்பாவையும் அம்மாவையும் நினைத்துக்கொண்டாராம். அவர்கள் இருவரும் அப்போது உயிரோடு இல்லை. பதினெட்டு ஆண்டுகள் ஆகியும் அந்தக் காட்சி மறையவில்லை, நினைக்கும்போதெல்லாம் கண்ணீர் வருகிறது என்றும் சொல்கிறார்.

அந்தக் குறிப்பை எழுதும்போது அவர் யார்? மகாடு போராட்டத்தை நடத்தி முடித்தவர். வட்டமேசை மாநாட்டில் பேசியவர். நாடே அறிந்த தலைவர். அந்த நிலையிலும், 'அன்று நான் பயந்துபோய் நின்றேன், கெஞ்சினேன், இன்றும் அழுகை வருகிறது' என்று எழுத அவர் கூசவில்லை. பயந்த இளைஞனைத் தன் கதையிலிருந்து அவர் விரட்டிவிடவில்லை. 'நீ ஏன் எதிர்த்து நிற்கவில்லை' என்று கேட்கவும் இல்லை. பக்கத்தில் உட்கார வைத்து எழுதியிருக்கிறார். அந்த நேர்மையால்தான் அந்தச் சின்னப் புத்தகத்தைப் படிக்கும் ஒவ்வொருவரும் தன் பரோடாவை அதில் கண்டுகொள்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். 1926 ஜூலையில் அவருடைய மகன் ராஜரத்னம் இறந்துபோனான். அவரும் ரமாபாயும் பறிகொடுத்த நான்காவது குழந்தை. அடுத்த மாதம் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், நாங்கள் இதிலிருந்து மீண்டுவிட்டதாக நடிப்பதில் பயனில்லை, என்றைக்காவது மீள்வோம் என்றும் தோன்றவில்லை என்கிறார். இப்போது தேதிகளைப் பாருங்கள். மகாடு சவுதார் குளத்தில் அவர் தண்ணீர் அள்ளிக் குடித்தது 1927 மார்ச் 20. எட்டு மாதம்தான் இடைவெளி. துக்கத்தை வென்றுவிட்டு அவர் மகாடுக்குப் போகவில்லை. துக்கத்தோடுதான் போனார். அது அவர் கையைப் பிடித்து நிறுத்தவில்லை.

ஏற்பது வேறு, பணிவது வேறு

இங்கே ஒரு கேள்வி வரும், வர வேண்டும். "உணர்வுகளை ஏற்றுக்கொள் என்கிறீர்களே அக்கா, ஏற்றுக்கொள், பொறுத்துக்கொள், தலையெழுத்து என்று இரண்டாயிரம் வருடமாக நமக்குச் சொன்னது போதாதா?"

நியாயமான கேள்வி. அதனால் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 'எனக்கு வலிக்கிறது' என்பதை ஏற்பது வேறு. 'எனக்கு வலிப்பது சரி' என்பதை ஏற்பது வேறு. முதலாவது உண்மையைப் பார்ப்பது. இரண்டாவது அடிமைத்தனம்.

அண்ணல் பௌத்தத்தை எடுத்துக்கொண்டபோது இந்த வேறுபாட்டில் மிகக் கவனமாக இருந்தார். இந்தப் பிறவியில் நீ படும் துன்பம் போன பிறவியில் நீ செய்த வினையின் பலன் என்ற விளக்கத்தை அவர் ஏற்கவே இல்லை. அது ஒடுக்கப்பட்டவரின் தலையிலேயே பழியைக் கட்டுகிறது என்பது அவருக்குத் தெரியும். துன்பம் இருக்கிறது என்பதை ஏற்றார். அதற்கான காரணங்களைச் சமூகத்தில் தேடினார்.

இன்று அந்தப் பழைய கர்ம வினை புது வேஷத்தில் வருகிறது. செல்போன் ஆப்பில் வருகிறது, நிறுவனங்கள் நடத்தும் 'மனநல வார'த்தில் வருகிறது. மூச்சை இழுத்து விடு, நேர்மறையாக யோசி, பிரச்சினை உன் பார்வையில்தான் இருக்கிறது. விடுதி மெஸ்ஸில் என்னைத் தனியாக உட்கார வைப்பதும் என் பார்வையில்தான் இருக்கிறதா? "சாதியையெல்லாம் இங்கே கொண்டுவராதீர்கள்" என்று சொல்லும் ஆலோசகரிடம் நம் காயத்தில் பாதியைத்தான் காட்ட முடியும். மூச்சுப் பயிற்சி நல்லதுதான், நானும் செய்கிறேன். ஆனால் அநீதியைக் கேள்வி கேட்காமல் இருப்பதற்கு மருந்தாக அதைக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

ஒப்பாரியில் இருந்த அறிவு

அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003இல் இந்தத் தன்பரிவைப் பற்றி எழுதியபோது அதில் மூன்று கூறுகள் இருப்பதாகச் சொன்னார். வலியில் இருக்கும்போது உன்னை ஏசாமல் கனிவாக நடத்து. இந்த வலி உனக்கு மட்டும் வந்ததில்லை, மனிதர்களுக்குப் பொதுவானது என்று உணர். வலியை மறைக்காமலும் ஊதிப் பெருக்காமலும் உள்ளபடி பார்.

படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. எங்கள் தெருவில் இதைப் பார்த்திருக்கிறேன். சாவு வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். வருகிற ஒவ்வொரு பெண்ணும் செத்தவருக்காக மட்டும் அழமாட்டாள். போன வருடம் செத்த தன் தம்பிக்காகவும், தன்னை அடித்த புருஷனை நினைத்தும், வராமல் போன மழைக்காகவும் சேர்த்தே அழுவாள். யாரும் யாரையும் "அழாதே" என்று அதட்டமாட்டார்கள். அழுது முடித்ததும் முகம் கழுவி, காப்பித் தண்ணி குடித்துவிட்டு, மறுநாள் நடவுக்குப் போவார்கள். அழுகை அவர்களைப் பலவீனமாக்கியதாக எனக்கு நினைவில்லை.

படித்து, பேன்ட் போட்டு, பட்டணம் வந்த நாம்தான் அதைப் பட்டிக்காட்டுத்தனம் என்று ஊரிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனை வீடு புகுந்து சக மாணவர்கள் வெட்டினார்கள், தடுக்கப்போன தங்கையையும் வெட்டினார்கள். அதைக் கண்டித்து நடந்த ஆர்ப்பாட்டத்தில் தொண்டை கட்டும்வரை முழக்கமிட்டேன். ஊருக்குப் போய் வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. திண்ணையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் அம்மா எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தார். "அழுவணும்னா அழுவு கண்ணு. யாரு என்ன சொல்லப்போறா. சோறு வச்சிருக்கேன், அப்புறமாத் துன்னலாம்" என்றார். அந்த இரண்டு வரியை எனக்கு நானே சொல்லிக்கொள்ளத் தெரியாமல்தான் பதினைந்து வருடம் திரிந்திருக்கிறேன் என்று அன்று புரிந்தது.

நாக்பூரில் 1956 அக்டோபர் 14 அன்று அண்ணல் எடுத்த 22 உறுதிமொழிகளில் ஒன்று, எல்லா உயிர்களிடமும் கருணை காட்டுவேன் என்பது. எல்லா உயிர்களும் என்றால் அந்தக் கணக்கில் நீங்களும் உண்டு தோழர்களே. புத்தகோசரின் விசுத்திமக்கம், மைத்ரியைப் பழகுகிறவர் முதலில் தன்னிடமிருந்தே தொடங்க வேண்டும் என்கிறது. நாம் அதைக் கடைசி வரிக்குத் தள்ளிவிட்டோம்.

என்ன செய்யலாம்

எனக்கு உதவிய சிலவற்றைச் சொல்கிறேன். உபதேசமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒன்று, உணர்வுக்கு அதன் சொந்தப் பெயரை வையுங்கள். எல்லாவற்றையும் கோபம் என்று சொல்லாதீர்கள். இது கோபமா, பயமா, கூச்சமா, பொறாமையா, ஏக்கமா என்று கேளுங்கள். வீட்டில் பேசும் மொழியில் கேளுங்கள். 'மனசு கெதக்குன்னுது' என்று சொல்லும்போது கிடைக்கும் தெளிவு, ஆங்கிலத்தில் 'ஆங்ஸைட்டி' என்று சொல்லும்போது எனக்குக் கிடைப்பதில்லை.

இரண்டு, இதே விஷயம் உங்கள் தங்கைக்கோ நண்பனுக்கோ நடந்திருந்தால் என்ன சொல்வீர்கள்? 'ஏன் தலை குனிந்தாய்' என்றா கேட்பீர்கள்? அவளிடம் சொல்வதை உங்களிடமும் சொல்லுங்கள். நெஞ்சில் கை வைத்து மெதுவாகச் சொல்லுங்கள். முதலில் செயற்கையாக இருக்கும். எனக்கும் சிரிப்பு வந்தது. கனிவான குரலை நாம் நமக்காகக் கேட்டுப் பழகியதில்லை, அதனால்தான் அது அந்நியமாக ஒலிக்கிறது.

மூன்று, தனியாக வைத்துக்கொள்ளாதீர்கள். இந்த வாசிப்பு வட்டத்திலேயே மாதத்தில் ஒருநாள் புத்தகம் இல்லாமல் கூடுங்கள். தீர்வு சொல்லக் கூடாது, தைரியமாக இரு என்று சொல்லக் கூடாது, கேட்க மட்டும் வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். ஆண் தோழர்கள் கட்டாயம் வர வேண்டும். அழாத ஆண்களின் வலி பல நேரங்களில் வீட்டுப் பெண்கள்மீது அடியாக விழுகிறது என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான்.

நான்கு, அழுது முடித்த பிறகு எழுதி வையுங்கள். தேதி, நேரம், இடம், சொன்ன சொல், பக்கத்தில் இருந்தவர்கள் யார். பொதுவெளியில் சாதிப்பெயர் சொல்லி இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நடந்ததை உள்ளபடி பார்க்கப் பழகிய மனதுதான் நல்ல புகாரையும் எழுதும். வெட்கத்தில் மறைத்த சம்பவத்துக்குச் சாட்சி கிடைக்காது.

ஐந்தாவது, இதுதான் முக்கியம். வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், அதை நீங்கள் தனியாகச் சமாளிக்க வேண்டியதில்லை. கனிவு என்றால் அந்த நேரத்தில் உதவி கேட்பது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும், தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும் இலவசமாகப் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சாதிப் பாகுபாடில்லாத மனநலச் சிகிச்சை நமது உரிமை என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. அந்தச் சிகிச்சை சரியாகக் கிடைக்கவில்லை என்றால் அதுவும் நாம் போராட வேண்டிய பிரச்சினை.

ரோஹித் வெமுலாவை, பாயல் தட்வியை இழந்திருக்கிறோம். அவர்கள் மனதில் உரமில்லாமல் போனார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர்களை நெருக்கிய நிறுவனங்கள் பதில் சொல்லியாக வேண்டும். அதே நேரத்தில், இன்னொரு பெயரை அந்த வரிசையில் சேர்க்க எனக்குத் தெம்பில்லை. தியாகிகளின் படங்களை மாட்டிவைக்க நம் சுவர்களில் இடம் போதும் தோழர்களே. நீங்கள் உயிரோடு, வயதாகி, தலை நரைத்து, இந்த வட்டத்துக்கு வந்து உட்கார வேண்டும். ரோஹித்தின் தாய் ராதிகாவும் பாயலின் தாய் ஆபேதாவும் 2019இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். கல்வி நிறுவனங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்க வழி செய்யுங்கள் என்று கேட்டார்கள். அவர்களிடம் துக்கம் இல்லையா? இருக்கிறது. துக்கத்தோடுதான் அந்தப் படிகளில் ஏறினார்கள்.

சுயமரியாதை என்ற சொல்லை ஓர் இயக்கத்துக்கே பெயராக வைத்த மண் இது. அந்தச் சொல்லுக்கு இதுவரை ஒரு பொருள்தான் எனக்குத் தெரிந்திருந்தது: அடுத்தவர் என்னை இழிவுபடுத்த விடமாட்டேன். இப்போது இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன்: நானும் என்னை இழிவுபடுத்த மாட்டேன்.

அந்த வகுப்பறைக்கு அவ்வப்போது மனதால் திரும்பிப் போகிறேன். பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி தலைகுனிந்து நிற்கிறாள். முன்பெல்லாம் "தலையை நிமிர்த்து" என்று அவளை அதட்டுவேன். இப்போது பக்கத்தில் போய் நின்றுகொள்கிறேன். "வலிக்குதுல்ல கண்ணு. தப்பு உன்மேல இல்ல" என்று சொல்கிறேன். அதட்டியபோது ஒருமுறைகூட நிமிராதவள், இப்போது மெதுவாகத் தலையைத் தூக்கிப் பார்க்கிறாள்.

உங்களுக்குள்ளும் அப்படி ஒருவர் நின்றுகொண்டிருப்பார். இன்று இரவு அறைக்குப் போனதும் அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். நாளைக் காலை வழக்கம்போல் களத்தில் சந்திப்போம்.